பாரம் பின்னே, பாய்ச்சல் முன்னே

இந்த வாரம் முழுக்க ஒரே பொருள்: முன்சக்கரம் இழுக்கும் கார், ஸ்லிக் டயர், கால் மைல் பந்தயம். வந்த கேள்விகளில் பெரும்பங்கு "எவ்வளவு பவர் ஏற்றலாம்?" என்பதுதான். அவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதில், நடுவில் எங்கேயோ இருக்கிறது. அவசரப்படுகிறவர்கள் தேடிக்கொள்ளலாம்.

கேள்வி: முன்சக்கர டிரைவ் காரோடு டிராக் ரேஸுக்குப் போனால் பின்சக்கர டிரைவ்காரர்கள் நக்கலாகச் சிரிக்கிறார்களே, அப்படி என்ன குறை அதில்? (ஈரோட்டு வாசகர்)

குறை காரில் இல்லை, இயற்பியலில். கார் முன்னால் பாயும்போது பாரம் பின்னால் ஓடும். பார வண்டியில் மூட்டையெல்லாம் பின்பக்கம் ஏற்றிவிட்டால் நுகத்தடி மேலே தூக்கும், மாட்டுக்குக் கால் பாவாது. உங்கள் காரிலும் இழுக்கிற மாடு முன்னால்தான் நிற்கிறது.

கணக்காகவே பார்ப்போம். கார் 1,000 கிலோ. முன்சக்கரங்கள் மேல் 620, பின்னால் 380. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 2.6 மீட்டர். இந்தக் கார் 1 ஜி முடுக்கத்தில் கிளம்பினால், 1,000 பெருக்கல் 0.5 வகுத்தல் 2.6, சுமார் 192 கிலோ முன்னாலிருந்து பின்னால் போய்விடும். முன்னால் மிஞ்சுவது 428. அந்த 428-ஐ ஊன்றிக்கொண்டு ஆயிரத்தை இழுக்க வேண்டும். அதற்கு ரப்பரின் பிடிப்பு எண் 2.3-க்கு மேல் வேண்டும். ரோட்டு டயர் ஒன்றைத் தொட்டாலே பெரிய விஷயம்.

பின்சக்கரக்காரருக்கு அதே 192 கிலோ வரவு. சிரிக்காமல் என்ன செய்வார்?

கேள்வி: மழை நாளில் சிக்னலில் எங்கள் முன்சக்கர கார்தான் வழுக்காமல் கிளம்புகிறது. அப்பாவின் பழைய அம்பாசடர் வாலை ஆட்டுகிறது. நீங்கள் சொல்வது தலைகீழாக இருக்கிறதே? (திருச்சி மாணவி)

நல்ல கேள்வி. ரேஸ் ஓட்டுகிறவர்களிலேயே பலர் யோசிக்காதது.

மேலே சொன்ன அதே 620-380 காரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை முன்சக்கரத்தில் டிரைவ், இன்னொருமுறை பின்சக்கரத்தில். வேறு எதையும் மாற்ற வேண்டாம். பிடிப்பு எண் 0.9, அதாவது சுமாரான ரோட்டு டயர் என்றால், முன்சக்கர கார் 0.48 ஜி வரை போகும். பின்சக்கர கார் 0.41 ஜி-தான். நீங்கள் ஜெயித்தீர்கள். மழைத் தண்ணீரில் பிடிப்பு இன்னும் குறைவு, உங்கள் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். என்ஜின் பாரம் சும்மா நின்றபடியே உங்கள் சக்கரத்தை அழுத்திக்கொண்டிருக்கிறது.

இப்போது பிடிப்பை ஏற்றுங்கள். 1.25-ல் இரண்டும் சமம். 1.5-ல் உங்களுக்கு 0.72, அவருக்கு 0.80. நல்ல ஸ்லிக், பிசின் தெளித்த தரை, 2.5 என்று வைத்தால் உங்களுக்கு 1.05 ஜி, அவருக்கு 1.83 ஜி! ரப்பர் நன்றாக ஒட்ட ஒட்ட முடுக்கம் கூடுகிறது. முடுக்கம் கூடக் கூடப் பாரம் பின்னால் ஓடுகிறது. பாரம் ஓட ஓட உங்கள் ரப்பருக்கு வேலை செய்ய வழியில்லாமல் போகிறது. ஸ்லிக் போட்டால் முன்சக்கர கார் வேகமாகும், சந்தேகமில்லை. ஆனால் ஸ்லிக் தருகிற லாபத்தில் பெரும் வட்டி எதிராளிக்குத்தான்.

அதனால் முன்சக்கர காரைத் தயார்படுத்துவது என்றால், பின்னால் ஓடுகிற பாரத்தைக் காலைப் பிடித்து நிறுத்துவது. மற்றதெல்லாம் அடுத்து.

கேள்வி: ஸ்லிக் என்றால் மொட்டை டயர்தானே? என் காரில் ஏற்கெனவே நாலு இருக்கிறது. (தூத்துக்குடி)

உங்களிடம் இருப்பது தேய்ந்த டயர். ஸ்லிக் பிறவியிலேயே மொட்டை. ரப்பர் வேறு: நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்கு மென்மை. பக்கச் சுவர் வேறு: பாயும்போது மடிந்து சுருங்கி, தரையைக் கவ்விக்கொண்டு நிமிரும். தேய்ந்த ரோட்டு டயரில் மிஞ்சியிருப்பது வெயிலில் காய்ந்து கெட்டிப்பட்ட ரப்பர். மழை வந்தால் படகு. ரோட்டில் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே சட்டப்படி தப்பு. நாலையும் மாற்றுங்கள்.

கேள்வி: சர்க்யூட் ரேஸில் ஓடி முடித்த ஸ்லிக் டயர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (கோவை, செட்டிபாளையம் பக்கம்)

காரி ஸ்பீட்வே பக்கத்தில் இருந்தால் இந்த ஆசை வரத்தான் செய்யும். வாங்கலாம், ஊஞ்சல் கட்ட. சர்க்யூட் ஸ்லிக் வளைவில் பக்கவாட்டு விசையைத் தாங்கச் செய்தது. பக்கச் சுவர் விறைப்பு. ஒன்றிரண்டு சுற்று ஓடிச் சூடான பிறகே முழுப் பிடிப்பைக் காட்டும். உங்கள் பந்தயமோ அது சோம்பல் முறிப்பதற்குள் முடிந்துவிடும். டிராக் ஸ்லிக் ஒரு பர்ன்அவுட்டில், அதாவது நின்ற இடத்தில் சுற்றிச் சூடேற்றியதுமே, தயாராக வேண்டும், நேராகப் பாய வேண்டும், வேறு எதற்கும் லாயக்கில்லாமல் இருக்க வேண்டும்.

கேள்வி: அமெரிக்காவில் ஹோண்டா சிவிக்காரர்கள் 13 அங்குல ரிம் போடுகிறார்களாம். என்னிடம் 17 அங்குல அலாய் வீல் இருக்கிறது. அழகாக இருக்கும். (சேலம்)

இருக்கும். நிற்கும்போது.

அவர்களிடையே பரவலாக ஓடும் அளவு 24.5 அங்குல உயரம், 8 அங்குல அகலம், 13 அங்குல ரிம். உயரத்தில் ரிம்மைக் கழித்துப் பாதியாக்குங்கள்: பக்கச் சுவர் மட்டும் கிட்டத்தட்ட 6 அங்குலம். கிளட்ச் பிடிக்கும் நொடியில் வருகிற அடியை அந்தச் சுவர் வாங்கிக்கொண்டு மெதுவாகத் தரைக்குக் கொடுக்கும். உங்கள் 17 அங்குல ரிம்மில் டயர் என்பது ஒரு ரப்பர் பட்டை. அடியை அப்படியே தரைக்கும் டிரைவ் ஷாஃப்டுக்கும் பிரித்துக் கொடுத்துவிடும்.

இன்னொரு லாபம். 24.5 அங்குல டயர் சிவிக்கில் கம்பெனி போட்ட சுமார் 22.7 அங்குல டயரைவிட 8 சதவீதம் உயரம். அதாவது செலவில்லாமல் கியர் விகிதம் 8 சதவீதம் நீண்டுவிடுகிறது. முதல் கியரில் சக்கரம் சுழலும் ஆத்திரம் சற்றுக் குறையும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியது: உங்கள் பிரேக் காலிப்பருக்கு மேல் 13 அங்குல ரிம் ஏறுமா? பெரிய பிரேக் போட்ட பலர் இங்கேதான் தலையைச் சொறிகிறார்கள்.

கேள்வி: எவ்வளவு பவர் ஏற்றலாம்? (சென்னை, மதுரை, நெல்லை, ஓசூர், இன்னும் பலர்)

வந்துவிட்டது அந்தப் பதில்: இருக்கிற பவரையே உங்களால் தரையில் இறக்க முடியவில்லை.

200 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் சாதாரண என்ஜின். முதல் கியரும் கடைசிக் கியரும் சேர்ந்து 14 மடங்கு என்றால் சக்கரத்தில் 2,800. மேலே சொன்ன ஸ்லிக்கின் ஆரத்தால் வகுத்தால் தரையில் சுமார் 9,000 நியூட்டன், அதாவது 920 கிலோ அளவுக்கு இழுவிசை. பிடிப்பு எண் 1.5 இருக்கும் தரையில் நம்முடைய 1,000 கிலோ கார் தாங்குவது 720 கிலோதான். மிச்சம் 200 கிலோ புகையாகப் போகிறது. டர்போ மாட்டினால் புகை கூடும், நேரம் குறையாது.

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் முதல் இரண்டு கியரில் டர்போ அழுத்தத்தைக் குறைத்து வைத்து, மூன்றாவதில் திறந்துவிடுகிறார்கள். பவர் ஏற்றுவதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். முதல் 60 அடியில் அதை அடக்கிக் கொடுப்பது பற்றிக் கேளுங்கள், பக்கம் பக்கமாக எழுதுகிறேன். 60 அடியை ரோட்டு டயரில் 2.2 நொடியில் தாண்டுகிற கார், நல்ல ஸ்லிக்கிலும் நல்ல காலிலும் 1.8-க்கு வரும். அங்கே மிச்சப்படுத்தியதைவிடக் கூடுதலாகவே கடைசிக் கோட்டில் கிடைக்கும்.

கேள்வி: ஸ்லிக்கில் காற்று எவ்வளவு? (பஞ்சர் கடை வைத்திருப்பவர், உடுமலை)

தொழில்காரர் கேட்கிறார், விளக்கமாகவே சொல்ல வேண்டும். வழக்கமாக 12-லிருந்து 18 பி.எஸ்.ஐ.க்குள். 16-ல் ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் குறைத்துப் பாருங்கள். டயர் தரையில் விட்டுப்போகும் கறுப்புத் தடத்தைக் குனிந்து பார்த்தால் போதும்: நடுவில் மட்டும் கறுப்பு என்றால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் கறுத்து நடுவில் வெளிறினால் குறைவு, அகலம் முழுக்க ஒரே கறுப்பு என்றால் சரி. அளவுகோல் மட்டும் நல்லதாக இருக்கட்டும். 60 வரை காட்டும் பொதுக் கேஜில் 13-க்கும் 15-க்கும் வித்தியாசம் முள்ளின் தடிமனுக்குள் மறைந்துவிடும். குறைந்த அழுத்தத்துக்கென்றே வருகிற கேஜ் வாங்குங்கள்.

இரண்டு ஸ்லிக்கையும் மாட்டிக் காற்றடித்த பிறகு டேப் எடுத்துச் சுற்றளவை அளக்க வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே அளவு என்றாலும் இரண்டும் அச்சாக ஒன்றுபோல் இருக்காது. முன்னால் இரண்டு சக்கரமும் பூட்டிக்கொண்டு இழுக்கும்போது ஒரு பக்கம் உயரமாக இருந்தால் ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும். பெரியதில் அரை பி.எஸ்.ஐ. குறைத்து, சின்னதில் அரை ஏற்றிச் சமன் செய்யலாம்.

அப்புறம் சுண்ணாம்புக் கட்டி. ரிம்மிலும் டயரிலும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். ஓடிவிட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து டயர் ஓரிடம் ரிம் ஓரிடம் நின்றால், என்ஜின் ரிம்மைச் சுற்றியிருக்கிறது, டயர் அசையவில்லை. குறைந்த காற்றில் இது நடக்கும். இதற்காக ரிம் விளிம்பில் ஓட்டை போட்டு டயரோடு சேர்த்துத் திருகாணி முடுக்குவார்கள். ட்யூப் போட்ட டயர் என்றால் டயர் நகரும்போது வால்வையும் பிய்த்துக்கொண்டு போகும்.

பின் டயர்? அது வெறும் பயணி. ஒல்லியாக, 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் விறைப்பாக.

கேள்வி: தண்ணீரில் டயரைச் சுற்றிப் புகை கிளப்புவது சீன் போடத்தானே? (பெயர் வேண்டாம், காவல்துறை)

பாதி. மீதி வேலை. அந்தச் சுழற்சியில் டயரின் மேல் ஒட்டியிருக்கும் மண், தூசி கழன்று புது ரப்பர் வெளியே வரும்; சூடேறிப் பிசுபிசுக்கும். தண்ணீர், சுழற்சியைத் தொடங்கி வைக்க மட்டும். ஈரமில்லாமல் அந்த ஒட்டும் டயரைச் சுற்ற முயன்றால் முதலில் சுற்றுவது டிரைவ் ஷாஃப்டாக இருக்கும், இரண்டு துண்டாக.

முன்சக்கரக்காரருக்கு இதில் சுலபமும் உண்டு, சங்கடமும் உண்டு. சுலபம், ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும், முன்சக்கரம் தாராளமாகச் சுற்றும். பின்சக்கரக்காரர் இதற்காகத் தனி வால்வு வாங்கி பிரேக் குழாயில் மாட்ட வேண்டும். சங்கடம், நேராகத் தண்ணீருக்குள் போனால் முன்சக்கரம் வெளியே வந்ததும் பின்சக்கரம் அதே குட்டைக்குள் இறங்கும். ரோட்டு டயரின் பள்ளங்களில் தண்ணீரை மொண்டுகொண்டு போய்த் தொடக்கக் கோட்டில் ஊற்றும். உங்களுக்குப் பின்னால் வருகிறவர் உங்களை மறக்கமாட்டார். எனவே குட்டையைச் சுற்றிப் போய், ரிவர்ஸில் வந்து, முன்சக்கரத்தை மட்டும் அதன் ஓரத்தில் நனைக்க வேண்டும்.

இரண்டாவது கியரில் சுற்றுங்கள். முதல் கியரில் சக்கர வேகம் போதாது. ஸ்டீயரிங் நேராக இருக்கட்டும். புகை மெல்லியதாகக் கிளம்பியதும் நிறுத்துங்கள். கைதட்டுக்காக இன்னும் நாலு நொடி நீட்டினால் ரப்பர் எண்ணெய் கக்கிப் பிடிப்பை இழக்கும். ஒரேயடியாகக் கிளட்ச்சைப் பிடித்து நிறுத்தாமல், ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்திச் சுழற்சியோடே முன்னால் உருண்டு வாருங்கள்.

கேள்வி: எல்.எஸ்.டி. போட்டால் நல்லது என்று மெக்கானிக் அண்ணன் சொல்கிறார். வீட்டில் கேட்டுவிட்டு அம்மா அழுகிறார். (தஞ்சாவூர்)

அம்மாவிடம் சொல்லுங்கள், இது கியர்பாக்ஸுக்குள் போவது. சாதாரண டிஃபரன்ஷியல், எந்தச் சக்கரம் வழுக்குகிறதோ அதற்கே சுழற்சியை எல்லாம் கொடுத்துவிடும். ஒரு ஸ்லிக் புகை விடும், மற்றது வேடிக்கை பார்க்கும். எல்.எஸ்.டி. என்கிற லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இரண்டையும் வேலை வாங்கும். எட்டு அங்குல ஸ்லிக் இரண்டு வாங்கிவிட்டு ஒன்றை மட்டும் பயன்படுத்துவது வீண்செலவு. என்னைக் கேட்டால் ஸ்லிக்குக்கு முன்பே இதை வாங்க வேண்டும்.

கேள்வி: கிளட்ச்சைப் படக்கென்று விட்டால் என்ன ஆகும்? (விருதுநகர்)

படக்கென்று சத்தம் கேட்கும்.

கேள்வி: சரி, படக்கென்று விடாமல் எப்படித்தான் கிளப்புவது? ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். (அதே விருதுநகர், அடுத்த தபாலில்)

பொறுமைசாலி. இவருக்கு வருகிற நேரம் வரும்.

கோட்டுக்கு வருமுன்பே முதல் கியர். சக்கரம் நேராக இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முன்சக்கர காரில் திருப்புவதும் இழுப்பதும் ஒரே சக்கரம் என்பதால், துளி கோணல் இருந்தாலும் பாய்ச்சலில் கார் அந்தப் பக்கம் தாவும். மெல்ல உருண்டு முதல் ஜோடி விளக்கு எரிந்ததும் நில்லுங்கள். அங்கிருந்து 7 அங்குலம் தள்ளி இரண்டாவது ஒளிக்கற்றை. அதை டயர் தொட்டதும் அடுத்த விளக்கு. அவ்வளவுதான், அதற்கு மேல் ஓர் அங்குலமும் வேண்டாம். டயர் அந்தக் கற்றையை விட்டு விலகும்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். கற்றையின் தொடக்கத்தில் நின்றால் டயர் உருண்டு வெளியேறும் தூரம் முழுக்க உங்களுக்கு இலவசம். உயரமான ஸ்லிக் முன்னால் இருப்பதால் அந்த இலவசம் உங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கும்.

இப்போது என்ஜின். டூ-ஸ்டெப் என்று ஒரு சாதனம்: நிற்கும்போது நீங்கள் வைத்த சுழற்சிக்கு மேல் என்ஜின் ஏறாமல் இக்னிஷனை வெட்டிவெட்டி விடும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் 4,500 என்றால் 4,500-தான். அது இல்லையென்றால் காதையும் காலையும் நம்ப வேண்டும். எந்த எண்ணில் வைப்பது என்பதைத் தரை சொல்லும். தாழ்வாக ஆரம்பித்து ஏற்றுங்கள். என்ஜின் திணறி விழுந்தால் எண் குறைவு, சக்கரம் சுழன்றால் அதிகம்.

விளக்கு வந்ததும் கிளட்ச் பெடலை விடவும் கூடாது, பிடித்து வைக்கவும் கூடாது. கடிக்கும் புள்ளி வரை வேகமாக, அதன்பின் வழுக்கவிட்டு. ஒரு நொடிக்குள் முடிகிற சங்கதி. முதலில் டயர் சுருங்குவது தெரியும், மூக்கு மேலே எழும், அப்போது கார் கனத்து இழுப்பது இடுப்பில் தெரியும். அந்தக் கனம் சட்டென்று லேசானால், என்ஜின் சத்தம் மட்டும் ஏறினால், சக்கரம் விட்டுவிட்டது. உடனே ஆக்ஸிலரேட்டரைச் சற்றே தளர்த்துங்கள். முழுக்க எடுத்தால் பாரம் முன்னால் வந்து மோதி, மறுபடி மிதிக்கும்போது கார் குதிக்கும். தளர்த்தியும் அடங்கவில்லையென்றால் யோசிக்காமல் இரண்டாவது கியர். முன்சக்கரக்காரருக்குச் சீக்கிரம் இரண்டாவது போடுவது தோல்வி இல்லை, தந்திரம்.

ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடியுங்கள், ஆனால் சண்டை போடாதீர்கள். இடது, வலது டிரைவ் ஷாஃப்ட் நீளம் வேறுவேறாக உள்ள கார்கள் கிளம்பும்போது ஒரு பக்கம் இழுக்கும். எந்தப் பக்கம் என்று முன்பே தெரிந்து வைத்திருந்தால் கை தயாராக இருக்கும்.

கேள்வி: கிளம்பும்போது கார் முன்பக்கம் தடதடவென்று குதிக்கிறது. பேயா? (நாகர்கோவில்)

புஷ். டயர் பிடித்துச் சுருங்கி, நழுவி, நிமிர்ந்து, மறுபடி பிடிக்கும். நொடிக்குப் பல தடவை. ஸ்லிக்கின் மெத்தென்ற சுவரும் உங்கள் பழைய ரப்பர் புஷ்களும் சேர்ந்து தாளம் போடுகின்றன. அப்படிக் குதிக்கும்போது ஒவ்வொரு முறை டயர் தரையைப் பிடிப்பதும் சி.வி. ஜாயின்டில் ஒரு சம்மட்டி அடி. தொடர்ந்து மிதித்தீர்களானால் ஜாயின்ட் உடைந்து சத்தம் தானாக நின்றுவிடும். அதுவும் ஒரு வைத்தியம்தான், செலவு அதிகம்.

முறையான வைத்தியம்: என்ஜின் மவுன்டிங்கையும் கன்ட்ரோல் ஆர்ம் புஷ்ஷையும் கெட்டி யூரித்தேனுக்கு மாற்றுவது, கன்ட்ரோல் ஆர்ம் முன்னும் பின்னும் அசையாதபடி டிராக்‌ஷன் பார் போடுவது. முன் ஷாக் அப்சார்பர் நீளும் திசையில் விறைப்பாக இருந்தால் மூக்கு சட்டென்று எழாது. மூக்கு எழுந்தால் டிரைவ் ஷாஃப்டின் கோணம் கூடும், கோணம் கூடினால் ஜாயின்ட் பலவீனம். பின் ஸ்பிரிங்கைக் கெட்டியாக்குவதும் இதற்குத்தான். ஒன்று கவனிக்க: கெட்டி ஸ்பிரிங் போட்டால் பாரமே பின்னால் போகாது என்று சிலர் சத்தியம் செய்வார்கள். போகும். எவ்வளவு போகும் என்பதை ஈர்ப்பு மையத்தின் உயரமும் அச்சு இடைவெளியும் தீர்மானிக்கின்றன. ஸ்பிரிங்கும் ஷாக்கும் கார் எவ்வளவு சாய்கிறது, எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்பதைத்தான் மாற்றும்.

கேள்வி: அப்படியானால் முன்னால் பாரம் ஏற்ற என்ன வழி? என் நண்பன் 110 கிலோ. (கும்பகோணம்)

பானட்டில் உட்கார வைக்க விதி இடம் தராது. வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

பின்சீட், ஸ்டெப்னி, ஜாக்கி, பின்பக்க ஸ்பீக்கர் எல்லாவற்றையும் இறக்குங்கள். பெட்ரோல் டேங்க் பின்னால் இருப்பதால் குறைவாக நிரப்புங்கள். ஆனால் பாயும்போது பெட்ரோலும் பின்னால் ஒதுங்கும், பம்ப் காற்றைக் குடிக்கும் அளவுக்குக் குறைக்காதீர்கள். பின்சக்கரக்காரர்கள் பேட்டரியை டிக்கிக்குக் கொண்டுபோவதைப் பார்த்து நீங்களும் செய்யாதீர்கள். உங்கள் பேட்டரி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

தொழில்முறைக்காரர்கள் இதைவிடத் துணிச்சலாக ஒன்று செய்கிறார்கள். காரின் பின்னால் நீண்ட கம்பி, அதன் முனையில் குட்டிச் சக்கரம். பின்சக்கர கார்களில் இது முன்பக்கம் வானத்தைப் பார்க்காமல் தடுக்க. முன்சக்கரம் தூக்கினால் ஓடவே முடியாத காருக்கு எதற்கு என்று கேட்பீர்கள். கார் பின்னால் சாயும்போது பாரம் பின் அச்சில் விழாமல், அதற்கும் பின்னால் உள்ள குட்டிச் சக்கரத்தில் விழுகிறது. 2.6 மீட்டர் அச்சு இடைவெளி 4.1 மீட்டர் ஆனதுபோல. கூடுகிற பாரம் முழுவதும் அங்கேயே விழுமானால், 1 ஜி-யில் 192 கிலோ பறிபோவதற்குப் பதிலாக 122-தான் போகும். காரை நீட்டாமலே நீளமாக்கும் வேலை. இதை முதலில் யோசித்தவர் யாரோ, அவருக்கு ஒரு சல்யூட்.

கேள்வி: நான் முதலில் கோட்டைத் தாண்டினேன். ஆனால் சீட்டில் எதிராளிக்குத்தான் நேரம் குறைவு. ஏமாற்றா? (ஆம்பூர்)

இல்லை. பச்சை விளக்குக்கும் நீங்கள் அசைந்ததற்கும் இடைப்பட்ட நேரம், ஓடிய நேரத்தில் சேராது. அவர் தூங்கிவிட்டு வேகமாக ஓடினார், நீங்கள் விழித்திருந்து மெதுவாக ஓடினீர்கள். கோப்பை உங்களுக்கு, பெருமை பேச்சு அவருக்கு.

கேள்வி: முன்சக்கர காரில் யாராவது உருப்படியாக ஜெயித்திருக்கிறார்களா? (புதுச்சேரி)

அமெரிக்காவில் 1966-ல் ஓல்ட்ஸ்மொபைல் டொரொனாடோ என்று 7 லிட்டர் வி8 என்ஜினோடு முன்சக்கர டிரைவ் கார் வந்தது. அதே ஆண்டு ஹர்ஸ்ட் கம்பெனி அந்த என்ஜின் இரண்டை எடுத்து, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று வைத்து 'ஹெய்ரி ஓல்ட்ஸ்' என்று கண்காட்சிக் கார் கட்டியது. நாலு சக்கரமும் புகை விட்டது. முன்சக்கரத்தை மட்டும் நம்ப அவர்களுக்கே மனம் வரவில்லை.

நம்பியவர்கள் கலிஃபோர்னியா இளைஞர்கள். 1990-ல் பாம்டேலில் ஃபிராங்க் சோய் தொடங்கிய 'பேட்டில் ஆஃப் தி இம்போர்ட்ஸ்' பந்தயத்தில் ஜப்பானியச் சின்ன கார்கள் திரண்டன. காலேஜுக்கு ஓட்டிப்போன சிவிக்கையே கழற்றி மாட்டினார்கள். 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. இவர்களுக்கென்றே தனித் தொடர் நடத்தியது. அந்தக் காலத்து நாயகர்களில் ஒருவர் ஸ்டீஃபன் பாப்படாகிஸ். சிவிக்கில் பேர் வாங்கியவர். பின்னாளில் அவர் டிரிஃப்டிங் பக்கம் போய், சியான் டிசி என்ற முன்சக்கர காரை எடுத்துப் பின்சக்கர காராக மாற்றிக் கட்டினார். 2015-ல் அந்தக் காரில் ஃபிரெட்ரிக் ஆஸ்போ ஃபார்முலா டிரிஃப்ட் சாம்பியன் ஆனார். முன்சக்கரத்தின் கஷ்டம் தெரிந்தவர் எடுத்த முடிவு என்று கிண்டல் செய்ய நினைத்தேன். டிரிஃப்டுக்கு அது கட்டாயம் என்பதால் விட்டுவிடுகிறேன்.

கேள்வி: ஈ.சி.ஆரில் ஞாயிறு காலை ஆளே இல்லை. ஒரு தடவை... (சென்னை)

கேள்வியை முடிக்க விடமாட்டேன். மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவு: சாலையில் பந்தயம் விட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிட, தூசியும் மணலும் கிடக்கும் தார் ரோட்டில் ஸ்லிக்கால் ஒரு பயனும் இல்லை. அது ரப்பர் படிந்த, பிசின் தெளித்த தளத்துக்குச் செய்த பொருள். சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. இப்போது இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் இருக்கிறது, பைக்குகளுக்கான தேசிய டிராக் பந்தயமும் அங்கே நடந்திருக்கிறது. கார்களுக்கு எப்போது கதவு திறக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஈ.சி.ஆரில் ஆளே இல்லை என்பது உங்கள் நினைப்பு. பால்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: 402 மீட்டர் முடிந்ததும் பிரேக் போட்டால் போதும்தானே? (ராஜபாளையம்)

போதாது. இவ்வளவு நேரம் பின்னால் போன பாரம், ஆக்ஸிலரேட்டரை எடுத்த நொடியில் முன்னால் வந்துவிடும். முன்னால் ஒட்டும் ஸ்லிக், பின்னால் பாரமே இல்லாத ஒல்லி டயர், அதுவும் 40-க்கு மேல் காற்றோடு. நீங்கள் கழற்றிப்போட்ட பின்சீட்டும் ஸ்டெப்னியும் இல்லாமல் வால் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. இந்த நிலையில் பிரேக்கைக் குத்தினாலோ ஸ்டீயரிங்கை ஒடித்தாலோ வால் உங்களை முந்தப் பார்க்கும். குறைந்த காற்றுள்ள ஸ்லிக் வேகத்தில் கொஞ்சம் அலையவும் செய்யும். எனவே ஆக்ஸிலரேட்டரை மெல்ல எடுத்து, நேராகப் பிடித்து, பிரேக்கைப் படிப்படியாக அழுத்துங்கள். ஹேண்ட் பிரேக் பக்கம் கையே போகக் கூடாது. நிறுத்தத் தடம் நீளமாக விட்டிருப்பது இதற்காகத்தான்; முழுவதையும் பயன்படுத்துங்கள், காசு கொடுத்திருக்கிறீர்கள்.

பிட்டுக்கு வந்ததும் ஸ்லிக்கைக் கழற்றி நிழலில் வையுங்கள். பின் டயரில் காற்றைப் பழைய அளவுக்கு இறக்குங்கள். ராஜபாளையம் வரை அதில்தான் போக வேண்டும்.